மலையடிவாரத்து இசைத்தட்டுகள்

பாட்டுக் கேட்பவர்களை மூன்று வகையினராகப் பிரிக்கலாம். இராகம் அறிந்து கேட்பவர் ஒரு வகையினர். சொல்லின் பொருளில் தோய்ந்து கேட்பவர் மற்றொரு வகையினர். வேலைக்கு நடுவே காதில் விழுவதைக் கேட்டு, பிடித்தால் தலையசைத்து, பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடுபவர் மூன்றாம் வகையினர். இக்கட்டுரையாளன் மூன்றாம் வகையைச் சேர்ந்தவன். கல்யாணி எது, கரகரப்பிரியா எது என்று கேட்டால் விழிப்பவன். ஆயினும் நாட்டில் பாட்டுக் கேட்போரில் பெரும்பாலோர் இவ்வகையினரே. ஒரு பாடலை ஐம்பது ஆண்டுகள் உயிரோடு வைத்திருப்பவர்களும் அவர்களே. அவர்கள் சார்பில் ஒருவன் தன் மனத்தில் பட்டதை மறைக்காமல் சொன்னால் தவறாகாது என்ற துணிவில் இதை எழுதுகிறேன்.

எந்தப் பாடல்களைப் பற்றிப் பேசுவது? நம் ஊர்ப் பாடல்களைப் பற்றியே பேசலாமே!

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில், மலை ஏறத் தொடங்குமுன் ஒரு பழைய வளைவு நிற்பதை நம்மில் பலர் நாள்தோறும் பேருந்திலிருந்து பார்க்கிறோம். அதுதான் மாடர்ன் தியேட்டர்ஸ் படநிலையத்தின் நுழைவாயில். திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்து சென்று நெசவுத்தொழில் நுட்பம் கற்றுத் திரும்பிய டி. ஆர். சுந்தரம், 1935-இல் இந்நிறுவனத்தைத் தொடங்கினார். 1937-இல் வந்த 'சதி அகல்யா' இதன் முதல் படம். மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938-இல் வெளிவந்தது. அதைத் தயாரித்ததும் இந்நிறுவனமே. கலைஞர் மு. கருணாநிதியும் கவிஞர் கண்ணதாசனும் இங்கே பணியாற்றியவர்கள். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்த அந்த நிலையம் இன்று இல்லை. வளைவு இருக்கிறது. பாடல்கள் இருக்கின்றன.

பாடல்கள் இருக்கின்றன என்று சொல்லிவிட்டோம். உண்மையில் எத்தனை இருக்கின்றன? ஒரு படத்துக்கு ஒன்றோ இரண்டோ! மற்றவை எங்கே போயின? இக்கேள்விக்கு விடை காண, பாடல் நம் காதுக்கு வந்து சேர்ந்த வழியைச் சற்றே அறிந்துகொள்ள வேண்டும்.

தட்டும் நாடாவும் செய்த வேலை

தொடக்க கால இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழல்வது. அரக்குக் கலவையால் ஆனது. கீழே விழுந்தால் உடைவது. ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டுக்கே இடம் உண்டு. நீண்ட பாடலானால் பாதியில் நிறுத்தி, தட்டைத் திருப்பிப் போட்டுத்தான் மீதியைக் கேட்க வேண்டும். ஒரு படத்தில் பத்துப் பாடல்கள் இருந்தால் ஐந்து தட்டுகள் வேண்டும். ஐந்தையும் வாங்க எல்லாராலும் இயலுமா? பெயர் பெற்ற பாடல் உள்ள தட்டு மட்டும் விலை போகும். 'ஆல்பம்' என்ற சொல்லே இப்படிப்பட்ட தட்டுகளைப் புகைப்பட ஏடுபோல உறைகளில் செருகி வைத்த தொகுப்பிலிருந்து வந்ததுதான்.

1948-இல் அமெரிக்காவில் நீள்நேர இசைத்தட்டு வந்தது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று. பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும். அடுத்த ஆண்டே 45 சுற்றுச் சிறு தட்டும் வந்தது. நம் நாட்டில் இவை பரவி, 1970-ஐ ஒட்டி 78 சுற்றுத் தட்டுகள் விடைபெற்றன. பழைய படப் பாடல்களை நீள்நேரத் தட்டில் மறுபடி வெளியிட்டபோது, ஒரு படத்தின் பாடல்களை முழுதும் தொகுப்பதைவிடப் பல படங்களின் புகழ்பெற்ற பாடல்களைப் பொறுக்கி எடுப்பதே வணிகத்துக்கு ஏற்றதாக இருந்தது.

அடுத்து ஒலிநாடா வந்தது. 60 நிமிட நாடாவின் ஒரு பக்கத்தில் ஒரு படம், மறு பக்கத்தில் இன்னொரு படம் என்று விற்றார்கள். அதோடு நிற்கவில்லை. ஊருக்கு ஊர் பாட்டுப் பதிவு செய்து தரும் கடைகள் தோன்றின. வாடிக்கையாளர் ஒரு தாளில் தமக்குப் பிடித்த பாடல்களை எழுதிக் கொடுப்பார். கடைக்காரர் அவற்றை மட்டும் பதிந்து தருவார். இன்று கைப்பேசி அந்தத் தாளின் வேலையை நொடியில் செய்து முடித்துவிடுகிறது. ஆக, வசதி பெருகப் பெருகத் தேர்வும் பெருகியது. தேர்வு பெருகப் பெருக, தேர்ந்தெடுக்கப்படாத பாடல்கள் மறைந்தன.

எனவே ஒரு படத்தின் பாடல்களில் கிடைத்தவற்றையெல்லாம் வரிசையாகக் கேட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டேன். ஒன்று, புகழ்பெற்ற பாட்டைத் தவிர வேறு நல்ல பாட்டு உண்டா? இரண்டு, திரையில் படம் ஓடாவிட்டாலும் பாட்டு நிற்குமா? மூன்று, மறுநாளும் கேட்கத் தோன்றுமா? கருவி ஒன்றும் வேண்டாத அளவுகோல்கள் இவை. யாரும் அளந்து பார்க்கலாம்.

1940-கள்: குரல் ஆண்ட காலம்

நடிகரே பாடவேண்டும் என்றிருந்த காலம் இது. 'உத்தம புத்திரன்' (1940) படத்தில் பி. யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்தார். தம் பாடல்களைத் தாமே பாடினார். மனோன்மணீயம் நாடகத்தை நாம் பாடநூலில் படித்திருக்கிறோம். அது 'மனோன்மணி' என்று 1942-இல் மலையடிவாரத்துக்கு வந்து திரைப்படமானதும் இவர் நடிப்பில்தான்.

சின்னப்பாவின் குரலில் உள்ள வலிமை வியப்புக்குரியது. நாடக மேடையில் ஒலிபெருக்கியின் துணையின்றிக் கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடிப் பழகிய தொண்டை அது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமே! இப்பாடல்களை ஒன்றன்பின் ஒன்றாக என்னால் கேட்க முடியவில்லை. தட்டின் கரகரப்பு ஒரு காரணம். பாடகர் தம் வித்தையை எல்லாம் மூன்று நிமிடத்துக்குள் காட்டிவிட விரைவது இன்னொரு காரணம். ஒரு பாட்டு என்றால் விருந்து. நான்கு என்றால் திகட்டல். 'அந்தக் காலம்போல வருமா?' என்று பெருமூச்சு விடும் பெரியவர்கள்கூட, அருகில் அமர்ந்து கேட்கச் சொன்னால் மூன்றாம் பாட்டில் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள்.

1950: கொலையை மறைத்த இனிமை

'மந்திரி குமாரி' படத்தின் மலையுச்சிப் பாடலை அறியாதார் இல்லை. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான குண்டலகேசியின் கதையைத் தழுவிக் கலைஞர் எழுதிய படம் இது. கணவன் மனைவியைக் கொல்லும் நோக்கோடு மலையுச்சிக்கு அழைத்துச் செல்கிறான். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடுகிறார்கள். அக்காட்சியை எடுத்தது ஏற்காட்டு மலையில்தான் என்று நம் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள்.

இசையமைத்தவர் ஜி. இராமநாதன். அவர் செய்த துணிச்சலான செயல் ஒன்று உண்டு. மெட்டில் எந்த இடத்திலும் ஆபத்தின் சாயல் இல்லை. அச்சமூட்டும் கருவியோசை இல்லை. காதலன் காதலியை உலாவ அழைப்பதுபோல் அப்படியே இனிமையாகப் போகிறது. கதை அறிந்தவனுக்கு அந்த இனிமையே முதுகைச் சில்லிடச் செய்கிறது. கதை அறியாதவனுக்கு அது நல்ல காதல் பாட்டு. படமின்றிக் கேட்டால் ஒரு பாட்டு, படத்தோடு கேட்டால் வேறொரு பாட்டு! இரண்டும் தாங்குகின்றன. ஏற்காட்டில் சீமாட்டி இருக்கை எனப்படும் பாறையோரத்தில் மாலையில் நின்று பள்ளத்தைப் பார்த்திருப்பவர்களுக்கு, அழகும் அபாயமும் ஓர் அடி இடைவெளியில் இருப்பதை விளக்க வேண்டியதில்லை.

அதே இருவர் அதே படத்தில் பாடிய தென்றல் பாட்டையும் சேர்த்துக் கேட்கவேண்டும். அது இதைவிட அமைதியானது. என் செவிக்கு இதைவிடச் சிறந்தது. மலைப்பாட்டு பெற்ற பெரும்புகழில் அது அடுத்த இடத்துக்குப் போய்விட்டது. மற்றப் பாடல்களில் சில கதையை நகர்த்துவதற்கென்றே வந்தவை. படத்தை எடுத்துவிட்டால் அவற்றுக்கு வேலையில்லை.

1956: நிறமும் நெறியும்

தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல் இங்கிருந்துதான் வந்தது. இசை எஸ். தட்சிணாமூர்த்தி. ஏ. எம். ராஜாவும் பி. பானுமதியும் பாடிய காதல் பாட்டு இன்றும் வாடாதது. பானுமதியின் குரலில் ஒரு மிடுக்கு உண்டு. கெஞ்சும் இடத்திலும் தலை தாழாத குரல். ஆனால் நடனப் பாடல்கள் சிலவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பாதி போய்விடுகிறது. அவற்றுக்கு உயிர் கொடுத்தது நிறம். அது படத்தின் சிறப்பே தவிர, பாட்டின் சிறப்பு ஆகாது.

அதே ஆண்டில் வந்த 'பாசவலை'யைப் பலர் மறந்துவிட்டார்கள். விசுவநாதன்–இராமமூர்த்தி இசையில், பட்டுக்கோட்டை கலியாணசுந்தரத்தின் பாடல்கள் இடம்பெற்ற படம். அவர் எழுதி, சி. எஸ். ஜெயராமன் பாடிய தத்துவப் பாடலைக் கேளுங்கள். ஆட்டையும் கோழியையும் எலியையும் வைத்தே உலக நீதியைச் சொல்லிவிடுகிறார் கவிஞர். பெரிய சொல் ஒன்றுமில்லை. 29 வயதில் மறைந்த ஒருவர் இத்தனை முதுமையான சிந்தனையை எங்கே பெற்றார் என்று வியப்பாக இருக்கிறது. ஜெயராமனின் மூக்கொலி கலந்த குரல் சிலருக்குப் பிடிப்பதில்லை. எனக்கோ அந்தக் குரல் இல்லாவிட்டால் பாட்டே இல்லை என்று தோன்றுகிறது.

1959, 1961: மண்ணின் மணம்

இனி நான் சொல்லப்போவதை இசை அறிந்த நண்பர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களிலேயே வரிசையாக முழுவதும் கேட்கத்தக்கது 'வண்ணக்கிளி' (1959) என்பது என் கருத்து. 'மந்திரி குமாரி' அன்று, 'அலிபாபா' அன்று.

இசை கே. வி. மகாதேவன். பாடல்கள் மருதகாசி. இக்கவிஞர் திரைக்கு வந்ததும் மாடர்ன் தியேட்டர்ஸின் 'மாயாவதி' (1949) வாயிலாகத்தான். இப்படத்தில் வண்டிப் பாட்டு உண்டு, தாலாட்டு உண்டு, ஆற்றைப் பாடும் பாட்டு உண்டு, கணவன் மனைவி பிணக்கும் இணக்கமும் உண்டு. எஸ். சி. கிருஷ்ணனும் பி. சுசீலாவும் பாடிய ஆட்டப் பாட்டு இன்றும் திருவிழா மேடைகளில் ஒலிக்கிறது. அதே சுசீலா திருச்சி லோகநாதனோடு சேர்ந்து பாடும்போது குரல் வேறாகிவிடுகிறது. அங்கே துள்ளல்; இங்கே அடக்கம். ஒன்பது ஆண்டுக்கு முன் மலையுச்சிக்கு அழைத்த அதே லோகநாதன் குரல், இங்கே குடும்பத்துக்குள் நின்று பேசுகிறது.

இந்தத் தொகுப்பு ஏன் சிறக்கிறது? ஒரு பாட்டு மற்றொன்றைப்போல் இல்லை. ஆயினும் எல்லாம் ஒரே ஊரில் பிறந்ததுபோல் இருக்கின்றன. வைகாசிக் காலத்தில் சேர்வராயன் கோயில் விழாவுக்கு மலைக்கிராம மக்கள் திரளும்போது, குழாய் ஒலிபெருக்கியில் வரும் பாட்டு எதிர்ச் சரிவில் மோதித் திரும்பி வரும். நுட்பமான சங்கதிகள் அந்த வழியில் கலைந்துபோகும். தாளமும் தெளிந்த சொல்லும் உள்ள பாட்டுத்தான் பள்ளத்தாக்கைக் கடந்து போய்ச் சேரும். 'வண்ணக்கிளி'ப் பாடல்கள் அப்படிப் போய்ச் சேருபவை. இசையரங்கில் இது ஓர் அளவுகோல் ஆகாமல் இருக்கலாம். மலையில் இது பெரிய அளவுகோல்.

'குமுதம்' (1961) படமும் மகாதேவன் இசையே. சீர்காழி கோவிந்தராசன் சிற்பக்கலையைப் போற்றிப் பாடிய பாட்டு, கல்லூரி விழாக்களில் பாடிப் பாடி நமக்கு மனப்பாடம். டி. எம். சௌந்தரராசனும் ஜமுனாராணியும் பாடிய கேலிப் பாட்டுக்கு இன்றும் வகுப்பில் மேசைத் தாளம் போடாதவர் யார்? கம்பீரமும் குறும்பும் ஒரே படத்தில், ஒரே இசையமைப்பாளரிடம்! இரண்டுக்கும் நடுவே உள்ள பாடல்கள் மட்டும் சற்று மங்கலானவை.

1960-களின் பிற்பகுதி: கடன் வாங்கிய நூல்

1963-இல் டி. ஆர். சுந்தரம் மறைந்தார். அதன்பின் வந்த 'வல்லவனுக்கு வல்லவன்' (1965), 'இரு வல்லவர்கள்' (1966), 'வல்லவன் ஒருவன்' (1966) ஆகியவற்றுக்கு இசை வேதா. இந்தி மெட்டுகளைத் தமிழுக்குக் கொண்டுவருவதில் பெயர் பெற்றவர். 'வல்லவனுக்கு வல்லவன்' படத்தில் சௌந்தரராசன் பாடிய புகழ்பெற்ற காதல் பாட்டின் மெட்டு, 1963-இல் ரவி இசையில் முகமது ரஃபி இந்தியில் பாடியது.

இதைச் சொல்லி வேதாவை ஒதுக்குபவர் உண்டு. சேலம் நெசவாளர் ஊர். அந்தக் கண்ணோடு பார்ப்போம். நூல் வெளியூரிலிருந்து வரலாம். நெசவு நம்முடையதா என்பதே கேள்வி. அந்தப் பாட்டில் கண்ணதாசனின் சொற்கள் மெட்டுக்காக நசுங்கவில்லை. தமிழில் நினைத்துத் தமிழில் பிறந்தவைபோல் உட்கார்ந்திருக்கின்றன. ரஃபி மெல்லச் சொன்னதைச் சௌந்தரராசன் உறுதிமொழியாக்கிவிட்டார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். எனக்கு இரண்டும் வேண்டும்.

ஆனால் மூன்று படங்களின் பாடல்களையும் தொடர்ந்து கேட்டபோது ஒரு குறை தெரிந்தது. எல்லாம் ஒரே கேளிக்கை விடுதியில் பாடியவைபோல் ஒலிக்கின்றன. ஊர் இல்லை, ஆறு இல்லை, வண்டி இல்லை. 'வண்ணக்கிளி'யிலிருந்து ஏழே ஆண்டுகளில் இவ்வளவு தொலைவு! படத்தொழில் கோடம்பாக்கத்தில் குவிந்த காலம் அது என்பதையும் நினைத்துப் பார்க்கவேண்டும்.

பிறகு மலையேறி வந்தவை

மலையடிவாரத்தில் படப்பிடிப்பு ஓய்ந்தபின், பாடல்கள் சென்னையிலிருந்து கீழ்ச்சாலை வழியே மலையேறி வந்தன. சுருக்கமாகவே சொல்கிறேன். 1976-இல் இளையராஜாவின் முதல் படமான 'அன்னக்கிளி' வந்தது. எஸ். ஜானகியின் குரலில் 'வண்ணக்கிளி' விட்ட இடத்திலிருந்து ஊர் மறுபடி பேசத் தொடங்கியது. மூன்று கேள்விகளுக்கும் விடை 'ஆம்' என்பதே.

1986-இல் அதே இளையராஜா, படம் எதுவுமின்றி 'ஹௌ டு நேம் இட்' என்ற தொகுப்பை வெளியிட்டார். தியாகராசருக்கும் செருமானிய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையான கருவியிசை இது, வி. எஸ். நரசிம்மனின் வயலின் இதில் முதன்மை. முதல்முறை கேட்பவன் பாட்டு வரும், வரும் என்று காத்திருப்பான். வராமலே நாடா முடிந்துவிடும்! மூன்றாம் முறைதான் வயலினே பாடுகிறது என்பது புலப்படும். தலைப்புப் பகுதி அருமை. ஆனால் சில பகுதிகள், இரு நாட்டு இசையும் இணையும் என்று மெய்ப்பிப்பதற்கே எழுதியவைபோல் தோன்றுகின்றன. மெய்ப்பிக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

1992-இல் ஏ. ஆர். ரகுமானின் 'ரோஜா'. ஒவ்வோர் ஓசையும் தனித்தனியே கழுவித் துடைத்து வைத்ததுபோல் கேட்டது. அது பெரும் புதுமை. எனினும் வயலில் பாடினாலும் பனிமலையில் பாடினாலும் ஒரே அறையின் காற்று வீசுவதாக எனக்குப் படுகிறது. முப்பது ஆண்டுக்குப் பிறகும் மறுநாள் கேட்கத் தோன்றுகிறதா என்றால், தோன்றுகிறது.

முடிவாக

நம் ஊர்ப் பாடல் என்பதற்காகப் புகழவேண்டுமா? பழையது என்பதற்காக வணங்கவேண்டுமா? யார் சொன்னாலும் உண்மையை ஆராய்ந்து கொள்ளச் சொன்னார் வள்ளுவர். அது பாட்டுக்கும் பொருந்தும். மலையுச்சிப் பாட்டைப் பெருமையோடு சொல்லும் நம்மில் எத்தனை பேர் அதே படத்தின் அடுத்த பாட்டைக் கேட்டிருக்கிறோம்? கேட்காமல் இகழ்வது அறியாமை என்றால், கேட்காமல் புகழ்வதும் மறதியின் ஒரு வகையே. ஒன்றைப் புகழ்ந்து ஒன்பதை மறப்பதை இசைத்தட்டு வணிகம் செய்தது. அதற்குக் காசு காரணம். நாமும் அதையே செய்தால் என்ன காரணம் சொல்வோம்?

மாணவ நண்பர்களே! உங்கள் தாத்தா பாட்டியிடம் ஒரு படத்தின் பெயரைச் சொல்லி, அதில் என்னென்ன பாட்டு உண்டு என்று கேளுங்கள். பழைய பாட்டுப் புத்தகம் பெட்டியில் இருந்தால் எடுத்து வையுங்கள். எத்தனை பாட்டு, யார் எழுதியது என்று அந்த மெலிந்த தாள்களில் இருப்பது வேறு எங்கும் இல்லாமல் போகலாம். பிறகு ஒரு மாலை முழுவதையும் ஒரே படத்துக்குக் கொடுங்கள். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று கூறுங்கள். 'வண்ணக்கிளி'யைப் பற்றி நான் சொன்னது பிழை என்றால் அதையும் கூறுங்கள். கேட்டுவிட்டுக் கூறுங்கள்.

மாடர்ன் தியேட்டர்ஸில் மீந்தது ஒரு வளைவு. வளைவைக் காக்கச் சுண்ணாம்பும் செங்கல்லும் வேண்டும். பாட்டைக் காக்க ஒரு மாலைப்பொழுதும் திறந்த காதும் போதும்.